எந்தப் பால்?

மனோதத்துவ வகுப்புப் பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்னு கேட்டுப் போன வாரம் உங்ககிட்டேர்ந்து எனக்கு ஒரு கடிதாசி வந்துச்சு. உள்ள ஏழு புத்தகத்தோட பேரு. ஒவ்வொரு பேருக்கும் எதிர்ல ரெண்டு கட்டம்: உபயோகம், உபயோகமில்லை. ஏதாவது ஒரு கட்டத்துல கோடு போட்டு, கையெழுத்துப் போட்டு, பயிற்சிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பணும். அவ்வளவுதான் வேலை. பென்ஷன் வாங்கிக்கிட்டு ஈப்போ பக்கத்துல புந்தோங்ல சும்மா உக்காந்திருக்கிற கிழவனை மதிச்சுக் கேட்டிருக்கீங்க, சந்தோஷந்தான்.

கோடு போட உக்காந்தேன். கை ஓடல. மூணு நாளா அந்தக் காகிதம் மேசை மேலயே கிடக்கு. வீட்டுக்காரி வந்து, "என்னங்க, பரீட்சைக்கு உக்காந்த மாதிரி முழிக்கிறீங்க? போட்டு அனுப்பிற வேண்டியதுதான லா"ன்னு சொல்லிட்டுப் போறா. அவளுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவா. இதே மாதிரி ஒரு தடவை புத்தகம் பொறுக்கப் போயி, ஒரு பச்சைப் பிள்ளையைப் பெத்தவகிட்டேர்ந்து பிரிச்சுக் கடல் தாண்டி அனுப்பப் பார்த்தவன் நான். அதைச் சொல்லாம எந்தக் கட்டத்துலயும் கோடு போட மாட்டேன். எழுத்துத் தமிழ் எனக்குச் சரியா வராது. பேசுற மாதிரியே எழுதுறேன், பொறுத்துக்குங்க.

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள்ல. திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் படிச்சுட்டு, சித்தப்பாவை நம்பிக் கப்பலேறி ஈப்போவுக்கு வந்தேன். ரெண்டு வருஷம் ஒரு ஈயக் கம்பெனி ஆபீஸ்ல கணக்குப்பிள்ளை. அப்புறம் ஊருக்கு வெளிய இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில, தமிழும் இங்கிலீஷும் தெரிஞ்ச ஆள் வேணும்னாங்க, போய்ச் சேர்ந்தேன். அந்த ஆஸ்பத்திரி பேரு வேணாம். கட்டடமே இப்போ இல்ல. அதுல ஒரு வார்டுக்குப் பார்வை வார்டுன்னு பேரு. புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு யாரைக் கூட்டிட்டு வந்தாலும் ரெண்டு வாரம் அங்க வெச்சுப் பார்ப்போம். தெளிஞ்சா வீட்டுக்கு. தெளியலன்னா டாக்டர் கையெழுத்துப் போட்டுப் பெரிய பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவார். அங்க போனவங்க சட்டுனு திரும்பி வந்து நான் பார்த்ததில்ல.

பயிற்சின்னு பெருசா ஒண்ணும் கிடையாது. ஆறு மாசம் படுக்கை விரிச்சேன், சோறு ஊட்டினேன், ரெண்டு தடவை கடி வாங்கினேன். தேறிட்டேன்னு சொல்லிட்டாங்க.

டாக்டர் துரை ஸ்காட்லாந்துக்காரர். மலாயாவுக்கு வந்து அஞ்சாறு மாசந்தான் ஆகியிருந்துச்சு. நெடுநெடுன்னு உயரம். நோயாளிக்கு முன்னால நாற்காலியில உக்கார மாட்டார். முக்காலியை இழுத்துப் போட்டுப்பார். முட்டி ரெண்டும் தாடையை இடிக்கும். உக்கார்றதுக்கு முன்னால கைக்கடிகாரத்தைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுருவார். நோயாளி கண்ணுல கடிகாரம் படக் கூடாதாம். திட்டவே மாட்டார். நாம தப்பு பண்ணினா, "மிஸ்டர் அருளப்பன், இன்னொரு தடவை படிங்க"ம்பார். அதுக்குத் திட்டு வாங்குறதே தேவலாம்னு இருக்கும்.

எங்க வார்டுல வேலை பார்க்கிற எட்டுப் பேருக்கு மனசைப் பத்தின வகுப்பு ஒண்ணு ஆரம்பிக்கணும்னு அவருக்கு ஆசை. பினாங்குக் கடையிலேர்ந்து பார்க்கிறதுக்குன்னு மூணு புத்தகம் வரவழைச்சார். வகுப்பு எடுக்கப் போறது நான். அதனால பொறுக்கறதும் நீங்கதான்னுட்டார்.

சிவப்பு அட்டை போட்டது தலகாணி கனம். மனசுக்கு வர்ற கோளாறு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு, அதுக்குள்ள உள்பிரிவு, அதுக்கும் ஒரு பேரு. நீல அட்டையில பூரா முகப்படம். இந்த மூக்கு இருந்தா இந்தக் குணம்ங்கிற மாதிரி. மூணாவது சாம்பல் அட்டை. ஒல்லிப்பிச்சான். உடம்புச் சூடு, நாக்கு, தோலு, தூக்கம், மலஜலம்னு பாதிப் புத்தகம் அதுலயே போச்சு. மனசைப் படிக்க வந்தவனுக்கு மலஜலம் எதுக்குன்னு அதைத் தூக்கி ஓரமா வெச்சேன். சிவப்பைத்தான் வாங்கணும்னு அன்னைக்கே முடிவு. அதைக் கையில வெச்சுக்கிட்டு வராந்தாவுல நடந்தாலே நாலு பேரு திரும்பிப் பார்ப்பாங்க.

டாக்டர் ஒத்துக்கல. ஒரு பெரிய நோட்டை எடுத்து, பக்கத்துக்கு நடுவுல மேலேர்ந்து கீழ ஒரு கோடு போட்டார். "இடது பக்கம் நீங்க பார்த்தது, கேட்டது. வலது பக்கம் அதுக்குப் புத்தகம் என்ன சொல்லுதுன்னு. முதல்ல இடது பக்கம் நிரம்பணும். அப்புறந்தான் புத்தகத்தைத் திறக்கணும். ஒரு வாரத்துக்கு ஒரு புத்தகம். எது உங்க கண்ணைத் திறக்குதோ அதை வாங்குவோம். எது மூடுதோ அதைத் திருப்பி அனுப்பிருவோம்"னார்.

புத்தகம் கண்ணை மூடுமா? மனுஷன் என்ன பேசுறார்னு உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன்.

சிவப்புப் புத்தகத்தோட வாரம் ஆரம்பிச்ச ரெண்டாம் நாள் காலையில ஒரு மாட்டு வண்டி வந்து நின்னுச்சு. சுங்கை சிப்புட்டுக்கு அங்கிட்டு ஒரு ரப்பர்த் தோட்டத்துலேர்ந்து வந்த வண்டி. ஒரு கங்காணி, ரெண்டு பொம்பளைங்க, நடுவுல துண்டால கையைக் கட்டிப்போட்ட ஒரு பொண்ணு. இருபத்திரெண்டு வயசு இருக்கும். பேரு பொன்னம்மா. பிள்ளை பெத்து ஒன்றரை மாசம். அது வயித்துல இருக்கும்போதே புருஷன் காய்ச்சல்ல போயிட்டானாம்.

"நல்ல பொண்ணுதான் ஐயா," கங்காணி சொன்னார். "நாலு நாளா ஒரு மாதிரி. நேத்து ஸ்டோர்ல பால் வாளியைத் தூக்கிக் கிராணி தலையில கவுத்துட்டா. கடிக்க வேற போயிட்டா."

கிராணின்னா தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. தோட்டத்துல மாடு வளர்க்கிறாங்க போல, அந்தப் பாலைக் கொட்டிட்டான்னு எடுத்துக்கிட்டேன்.

"பிள்ளை எங்க?"

"கொழுந்தன் பொண்டாட்டி வெச்சிருக்கா. பக்கத்து வீட்டுக்காரி பால் குடுக்குறா. அவங்க குடும்பம் வர்ற கப்பல்ல ஊருக்கே போகுதுங்க. இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. இவ அதுக்குள்ள தெளிஞ்சா பிள்ளை இவகிட்ட. இல்லாட்டி அவங்களோட போயிரும். இங்க யாரு பார்க்கிறது, சொல்லுங்க."

அதை நான் நோட்டுல எழுதினேன். எழுதுறப்போ மனசுல ஒண்ணும் உறைக்கல.

வந்த அன்னைக்கே தெர்மாமீட்டரைக் கடிச்சுத் துப்பிட்டா. அதுலேர்ந்து சூடு எழுதுற கட்டத்துல தினமும் 'மறுத்தார்'னு எழுதிக்கிட்டு வந்தோம். பேச்சு மட்டும் நிக்கல. நான் பக்கத்துல உக்காந்து ஒண்ணு விடாம எழுதினேன். டாக்டருக்குத் தமிழ் தெரியாதே, அதனால சுடச்சுட இங்கிலீஷ்ல மாத்தியே எழுதினேன்.

"மரத்துல பால் நிக்குது, நான் போவணும்." 'என் பால் மரங்களில் நிற்கிறது என்கிறாள்'னு எழுதினேன்.

"எம்பாலைக் கிராணி கீழ கொட்டிட்டான்." அதையும் எழுதினேன்.

"ஒரு நெரை முழுக்க விட்டுட்டு வந்துட்டேன். எல்லாம் வழிஞ்சு மண்ணுக்குப் போயிரும்." நெரைன்னா வரிசை. அதையும் எழுதினேன்.

இடது பக்கம் நிரம்பிருச்சு. சிவப்புப் புத்தகத்தைத் திறந்தேன். பிள்ளை பெத்த பொம்பளைங்களுக்கு வர்ற பேதலிப்புன்னு ஒரு அத்தியாயமே இருந்துச்சு. பிள்ளையைப் பத்தியும் தாய்ப்பாலைப் பத்தியும் இல்லாததை இருக்கிறதா நம்புவாங்கன்னு போட்டிருந்துச்சு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. எங்கயோ கடலுக்கு அந்தப் பக்கம் உக்காந்து ஒருத்தர் எழுதினது, இங்க தோட்டத்துப் பொண்ணு வாயில அப்படியே வருதே. மரத்துல தன்னோட பால் நிக்குதுன்னு சொல்றாளே, இதைவிட என்ன வேணும்? வலது பக்கத்தை அன்னைக்கே ரொப்பிட்டேன். சாயங்காலம் கொழுந்தன் வந்து கேட்டப்போ, பைத்தியந்தான்னு சொல்லியும் அனுப்பிட்டேன்.

நாலாம் நாள் டாக்டர்கிட்ட நோட்டை நீட்டினேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புற காகிதத்தையும் பாதி எழுதி வெச்சிருந்தேன். கீழ அவர் கையெழுத்து மட்டும் பாக்கி. அவர் படிச்சார். நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"காலையில அவங்க கை எதையோ செய்யுதே. அது ஏன் இடது பக்கத்துல இல்ல?"

"அது ஒண்ணுமில்ல சார். ஒரே சேட்டையைத் திரும்பத் திரும்பச் செய்யறது. சிவப்புப் புத்தகத்துல அதுக்குப் பேரு இருக்கு."

"பேரு கேக்கல. என்ன செய்யறாங்கன்னு கேட்டேன்."

நாலு நாளா கண்ணு முன்னாடி நடக்குது, நான் பார்க்கவே இல்ல.

மறுநாள் விடிஞ்சதும் ரெண்டு பேரும் வராந்தாவுல நின்னோம். அங்க ஒன்பது மரத்தூண் வரிசையா இருக்கும். பொன்னம்மா ஒரு தகரக் கரண்டியோட வந்தா. முதல் தூண்கிட்ட நின்னா. உள்ளங்கையால அதைத் தொட்டா. ரெண்டு விரலால எதையோ பிடிச்சு இழுத்து உரிக்கிற மாதிரி செஞ்சா. அப்புறம் கரண்டி விளிம்பை இடது பக்கம் மேலேர்ந்து வலது பக்கம் கீழ ஒரே இழுப்பா இழுத்தா. குனிஞ்சு, இல்லாத ஒண்ணைத் தூணுக்கடியில நேரா நிமித்தி வெச்சா. அடுத்த தூணுக்குப் போனா. ஒன்பதுக்கும் அதே. ஒண்ணுலகூட அவசரமும் இல்ல, தயக்கமும் இல்ல.

அவ உள்ள போனதும் டாக்டர் தூண்கிட்ட மண்டி போட்டு உக்காந்தார். சாயம் பூசின மரத்துல கீறல் தெரிஞ்சுது. அஞ்சு நாளு, அஞ்சு கோடு. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு, நடுவுல நெல்லுமணி கனம் இடைவெளி. சாய்வு எல்லாத்துலயும் ஒண்ணு. பென்சிலை வெச்சு அளந்து பார்த்தார். அடுத்த தூணுக்குப் போய் அளந்தார். அதுலயும் அதேதான். அவர் முகத்துல ரத்தம் ஏறினது எனக்கு ஞாபகம் இருக்கு. கோயிலுக்குள்ள நின்னு பேசுற மாதிரி தணிஞ்ச குரல்ல, "புத்தி கலங்கின கைக்கு இது வராது, மிஸ்டர் அருளப்பன்"னார்.

வார்டு ஆயா அஞ்சலை பெருக்கிக்கிட்டு இருந்தா. முன்னாடி தோட்டத்துல இருந்தவ. அவகிட்டக் கேட்டேன்.

"இது தெரியலையா ஐயா? மரம் வெட்டுது லா."

"என்ன மரம்?"

"ரப்பர் மரந்தான். கோடு போட்டு வெட்டினாத்தான அடியில வெச்ச கிண்ணத்துல பால் வரும்."

"பாலா?"

"பால்தான். பின்ன மோரா வரும்?"

ஆபீஸ்ல அதை நாங்க லேட்டக்ஸ்னு சொல்லுவோம். தமிழ்ல பேசினா ரப்பர்னு சொல்லிட்டுப் போயிருவோம். ஈப்போவுல ரெண்டு வருஷம் இருந்தவன், ஒரு நாள் ஒரு தோட்டத்துக்குள்ள கால் வெச்சதில்ல. படிச்ச நமக்கு அங்க என்ன வேலைங்கிற எண்ணம். என் தாய்மொழியில ஒரு சாதாரண வார்த்தை. அது எனக்குத் தெரியல, தெரியலங்கிறதும் தெரியல. மரத்துல பால் நிக்குதுன்னு அவ சொன்னது, வெயில் வந்துருச்சு வேலைக்குப் போகணும்ங்கிற மாதிரி ஒரு பேச்சு. அதை நான் பைத்தியமாக்கி வெச்சிருந்தேன்.

டாக்டர்கிட்டச் சொன்னேன். அவர் உடனே வேலியோரம் இருந்த ரப்பர் மரத்துக்கு அவளைக் கூட்டிட்டுப் போகலாம்னார். அஞ்சலை எங்கிருந்தோ ஒரு உளி வாங்கிட்டு வந்தா. கூர்மையான சாமானைப் புத்தி சரியில்லாதவகிட்டக் குடுக்கிறதான்னு எனக்கு உதறல். டாக்டர் பிடியை அவ பக்கம் திருப்பி நீட்டினார்.

உளி கைக்கு வந்ததும் அவ தோளு இறங்கிச்சு. மரத்தைத் தொட்டா. பழைய வெட்டுல காய்ஞ்சு ஒட்டியிருந்த ரப்பர் வாரை ஒரே இழுப்புல உரிச்சு மடியில போட்டுக்கிட்டா. உளியை வெச்சு இழுத்தா. பட்டை சுருளா விழுந்துச்சு. கோட்டுல வெள்ளையா புள்ளி புள்ளியா அரும்பி, ஒண்ணு சேர்ந்து, சரிவுல இறங்கி வந்துச்சு. நான் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன். எத்தனையோ லட்சம் மரம் இந்த ஊர்ல, அன்னைக்குத்தான் அதை முதல் தடவையா பார்க்கிறேன்.

"பால்"னா பொன்னம்மா, எங்களுக்குச் சொல்லிக்குடுக்கிற மாதிரி. அப்படியே கால் மடங்கித் தரையில உக்காந்துட்டா. களைப்புன்னு நினைச்சோம்.

கதை இதோட முடிஞ்சிருந்தா எனக்கு மரியாதையா இருந்திருக்கும். முடியல. அடுத்த நாள் காலையில நோட்டோட போனேன், தலை நிமிர்ந்து. இப்பத்தான் எனக்குத் தோட்டத்துப் பாஷை தெரியுமே. பொன்னம்மா சுருண்டு படுத்திருந்தா. "பால் கட்டிக்கிச்சு. பால் கட்டிக்கிச்சுய்யா. நெருப்பா இருக்கு"ன்னு முனகினா. நான் டாக்டர்கிட்டப் போய், "லேட்டக்ஸ் கட்டியாப் போச்சுன்னு சொல்றாங்க சார். அதுக்குத்தான் கிராணி அன்னைக்குக் கீழ கொட்டியிருக்கான். அந்த ஞாபகம் இன்னும் போகல"ன்னேன். அவ்வளவு பெருமையாச் சொன்னேன்.

"நெருப்பா இருக்குன்னா?"

"கோபம் சார்."

அவர் என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவை படிங்க. முதல் நாள்லேர்ந்து. இடது பக்கம் மட்டும்."

படிச்சேன். முதல் நாள்: இடது கையை உடம்பை விட்டுத் தள்ளியே வெச்சிருக்கா. ரெண்டாம் நாள்: இடது கையைத் தள்ளியே வெச்சிருக்கா. மூணாம் நாளும் அதுவே. எல்லாம் என் கையெழுத்து. அதுக்கு எதிர்ல வலது பக்கம் சிவப்புப் புத்தகத்துலேர்ந்து ஒரு நீளமான பேரு எழுதியிருந்தேன்; ஒரே நிலையில உறைஞ்சு போறதுன்னு அதுக்கு அர்த்தம். பேரு எழுதினதோட அந்தக் கையை மறந்துட்டேன்.

படிக்கப் படிக்க என் குரல் இறங்கிக்கிட்டே போச்சு. அஞ்சலை வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. இங்கிலீஷ் புரியல, ஆனா நான் இடது கையைத் தூக்கிக் காட்டினது புரிஞ்சிருச்சு.

"நான்தான் அன்னைக்கே ஐயாகிட்டச் சொன்னேனே, பொம்பள சமாச்சாரம், பாருங்கன்னு. நீங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க."

சொல்லியிருந்தா. பொம்பள சமாச்சாரம்னு அவ சொன்னதும் கூச்சத்துல நான் நோட்டை மூடிக்கிட்டு எழுந்து போயிருந்தேன். அது எந்தப் பக்கத்துலயும் ஏறல.

டாக்டர் திரையை இழுத்துவிட்டு, அஞ்சலையைக் கூட வெச்சுக்கிட்டுப் பார்த்தார். நான் வெளிய நின்னேன். இடது மார்புல பால் கட்டி, பழுத்து, சீழ் வெச்சிருந்துச்சு. கக்கத்துல வெச்சுப் பார்த்ததுல காய்ச்சல் நூத்தி நாலு. பிள்ளை பெத்தவ, காய்ச்சலோட மரம் வெட்டப் போயிருக்கா. நடக்க முடியாம லேட்டாக் கொண்டு வந்த பாலு கட்டிப்போச்சுன்னு கிராணி கீழ கொட்டியிருக்கான். காய்ச்சல் தலைக்கேறிப் போயி அவ அவன்மேல மிச்சத்தைக் கவுத்திருக்கா. மரத்துப் பாலும் கட்டிப்போச்சு, மார்புப் பாலும் கட்டிப்போச்சு. ரெண்டையும் ஒரே வார்த்தையில அவ எங்ககிட்டச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கா. ஒரு தடவை ரெண்டும் தாய்ப்பால்னு எழுதினேன். அடுத்த தடவை ரெண்டும் மரத்துப்பால்னு எழுதினேன். எந்தப் பால்னு அவகிட்ட ஒரு தடவையாவது கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.

அன்னைக்கே கீறி சீழை எடுத்தாங்க. அவ கத்தினது வராந்தா முழுக்கக் கேட்டுச்சு. நான் ஓரமாக் கிடந்த சாம்பல் புத்தகத்தை எடுத்து அங்க நின்னுக்கிட்டே திறந்தேன். முதல் அத்தியாயமே, நோயாளி பேச்சைக் கேக்கிறதுக்கு முன்னாடி சூடு பாரு, தோலைப் பாரு, எங்க வலிக்குதுன்னு கேளு, வாயில வெச்சுப் பார்க்க விடலன்னா கக்கத்துல வெச்சுப் பாருன்னு இருந்துச்சு. மலஜலப் புத்தகம்னு நான் சிரிச்ச புத்தகம். அவமானத்துல எனக்கு அழுகை வந்துச்சு.

மூணு நாள்ல காய்ச்சல் விட்டுச்சு. நல்ல பக்கத்துப் பால் வத்திறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னபடி அஞ்சலை வேளா வேளைக்குப் பீய்ச்சிவிட்டா. மனுஷ மனசை என்னன்னு சொல்றது. ஒன்பது நாளா எங்கயோ இருந்தவ, பத்தாம் நாள் காலையில கஞ்சி குடிச்சுட்டு, கிண்ணத்தைக் கழுவிக் கவுத்து வெச்சுட்டு, எங்க ரெண்டு பேரையும் நேரா பார்த்து, "எம்பிள்ளை எங்க?"ன்னா. அவ்வளவு தெளிவான கேள்வியை நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்ல. யாரோ ஒரு ஆள் புதுசா வந்து அந்தக் கட்டில்ல உக்காந்த மாதிரி எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

டாக்டர் தோட்டத்துக்குத் தந்தி அடிச்சார். கொழுந்தன் குடும்பம் பிள்ளையோட பினாங்குக்குக் கிளம்பியாச்சுன்னு பதில். கப்பலுக்கு ரெண்டே நாள். ஒரு கடிதம் எழுதி முத்திரை வெச்சு என் கையில குடுத்தார். "நீங்களே கூட்டிட்டுப் போங்க. அந்த நோட்டையும் எடுத்துக்குங்க"ன்னார். நான் அந்தத் தப்பான பக்கங்களைக் கிழிச்சுரலாமான்னு கேட்டேன். "கிழிக்காதீங்க"ன்னார்.

மறுநாள் பொன்னம்மா, அஞ்சலை, நான் மூணு பேரும் ரயில் ஏறினோம். பாகான் செராய், பாரிட் புந்தார் தாண்டுறப்போ ரெண்டு பக்கமும் ஒரே வயல். வழி முழுக்க அவ பேசினது ஒரு தடவைதான். "ரயில் நிக்காமப் போகாதா ஐயா?"ன்னு கேட்டா.

துறைமுகத்துக் கொட்டகையில ஊருக்குப் போற தோட்டத்துச் சனம் மூட்டை முடிச்சோட நெருக்கியடிச்சு உக்காந்திருந்துச்சு. கொழுந்தன் பொண்டாட்டியை அஞ்சலைதான் கண்டுபிடிச்சா. பிள்ளை அவ மடியில. எங்களைப் பார்த்ததும் முந்தானையால மூடிக்கிட்டா. கெட்டவ இல்ல. ரெண்டு வாரத்துல பிள்ளை மேல பாசம் வெச்சுட்டா, பயமும் இருக்கு. டாக்டர் கடிதத்தைத் தமிழ்ல படிச்சுக் காட்டினேன்.

"அன்னைக்கு எங்காளு ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டப்போ பைத்தியம்னு சொன்னது நீங்கதான? இன்னைக்கு இல்லைங்கிறீங்க. நாங்க எதை நம்புறது? நான் கப்பலேறினப்புறம் இவ பிள்ளையைக் கிணத்துல போட்டா யாரு பதில் சொல்றது?"

சுத்தியிருந்தவங்க எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. டாக்டர் கடிதம் பெரிய கடிதந்தான். ஆனா அவ கேட்டது என்னை. நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தைத் தமிழ்லயே படிச்சேன்.

"மரத்துல பால் நிக்குது, நான் போவணும்னு சொன்னாங்கம்மா. எனக்குத் தோட்டம் தெரியாது. பால்னா தாய்ப்பால்னு நினைச்சேன். மரத்துல தாய்ப்பால் நிக்குதுங்கிறாளே, பைத்தியம்தான்னு எழுதிட்டேன். பால் வாளியைக் கவுத்தாங்கன்னதும் தோட்டத்துல மாடு இருக்குன்னு நினைச்சேன்."

பின்னாலேர்ந்து ஒரு கிழவர் "மாடா?"ன்னார். ஒருத்தி வாயைப் பொத்திக்கிட்டா. கொட்டகையே சிரிக்க ஆரம்பிச்சுருச்சு. இங்கிலீஷ் படிச்ச ஐயா, கோட்டு போட்ட ஐயா, பால்னா என்னன்னு தெரியாதாம். "அப்போ நாங்க எல்லாருமே பைத்தியந்தான் ஐயா, எழுதிக்குங்க"ன்னார் அந்தக் கிழவர். கொழுந்தன் பொண்டாட்டிக்கும் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டே அழுதா. முந்தானையை விலக்கிப் பிள்ளையை எடுத்துப் பொன்னம்மா கையில குடுத்தா. எத்தனையோ பேருகிட்ட எத்தனையோ மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கேன். என் முட்டாத்தனத்தைச் சொன்னதுதான் அன்னைக்கு எடுபட்டுச்சு.

பொன்னம்மா தூணுக்குப் பின்னால திரும்பி உக்காந்துக்கிட்டா. அஞ்சலை மறைச்சு நின்னா. முதல்ல பிள்ளை வீறிட்டுச்சு. அப்புறம் சத்தம் நின்னுச்சு. அந்தச் சத்தம் நின்னதைப் போல ஒண்ணை நான் இத்தனை வருஷத்துல கேட்டதில்ல.

திரும்பி வந்ததும் டாக்டர் சாம்பல் புத்தகத்துக்கு எழுதிப் போட்டார். சிவப்பை விடல, அதையும் ஒண்ணு அலமாரியில வெச்சார். அது பொய் சொல்லலையாம். நான்தான் அதைச் சீக்கிரம் திறந்துட்டேனாம். வகுப்புல ஒரு சட்டம் மட்டும் போட்டார். இடது பக்கம் எழுதுறது நோயாளி பேசின பாஷையிலேயே இருக்கணும். தமிழ்னா தமிழ், சீனம்னா சீனம். இங்கிலீஷ் எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். முதல் பாடமா என் நோட்டைத்தான் வெச்சார். எட்டுப் பேருக்கு முன்னாடி என் தப்பை நானே படிச்சுக் காட்டினேன். அதுக்கப்புறம் முப்பது வருஷம், வந்த ஒவ்வொரு வகுப்புக்கும் படிச்சுக் காட்டினேன். இப்போ புத்தகம் கேட்டு எழுதியிருக்கிற உங்கள்ல பாதிப் பேரு அதைக் கேட்டுச் சிரிச்சவங்கதான்.

உங்க ஏழு புத்தகத்துல எதை வேணும்னாலும் வாங்குங்க. நான் எந்தக் கட்டத்துலயும் கோடு போடல. நடுவுல கோடு போட்ட நோட்டு, பிள்ளைக்கு ஒண்ணு, அதை முதல்ல வாங்குங்க. இடது பக்கத்துக்கு மேல என்ன எழுதணும்ங்கிறதையும் சொல்லிடுறேன். அது என் வார்த்தை இல்ல.

அன்னைக்குக் கொட்டகையில, பிள்ளை குடிக்க ஆரம்பிச்சதும் நான் கொஞ்சம் தள்ளிப் போய் மூட்டை மேல உக்காந்து நோட்டைத் திறந்தேன். டாக்டர் கேப்பாரே. இடது பக்கத்துல, அதுவரைக்கும் இங்கிலீஷ் மட்டுமே எழுதின பக்கத்துல, தமிழ்ல ஒரு வார்த்தை எழுதினேன். வலது பக்கத்துல எழுத ஒண்ணுமில்ல. தூணுக்குப் பின்னாலேர்ந்து பொன்னம்மா, பிள்ளை மேல வெச்ச கண்ணை எடுக்காமலே, "என்ன ஐயா எழுதுறீங்க?"ன்னா.

"பால்னு எழுதினேம்மா."

அவ சிரிச்சா. நான் அவ சிரிச்சுப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"எந்தப் பால்?"னு கேட்டா.